செவ்வாய்க்கிழமை ஆர்டிஸுக்கு, வியாழக்கிழமை வெர்லினுக்கு

மார்லிஸ் டுஃப்ட்டே முப்பத்தோரு வருடம் எங்கள் நார்டல் ஊரைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளுக்குத் தபால் போட்டவள். ஓய்வு பெற்ற மறு வருடமே மாநில அரசிடம் உரிமம் வாங்கி, அதே தடத்தில் கஞ்சா மிட்டாய் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமாகி அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

"பாதை தெரியும், நாய்ங்க தெரியும், எந்த வீட்டுப் படி உளுத்துக் கிடக்குன்னு தெரியும். என்னை விட்டா வேற யாரு இதுக்குப் பொருத்தம், சொல்லு டோரீன்?" என்று என்னிடம் கேட்டாள்.

மாவட்டத் திட்ட அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்கி முத்திரை குத்துவது என் வேலை. அவள் விண்ணப்பத்திலும் நான்தான் குத்தினேன். எங்கள் வீடுகள் எதிரெதிரே இருப்பதால், குத்தாமல் இருந்திருந்தால் எனக்குத்தான் சங்கடம்.

மாநிலத்து விதிகள் கொஞ்சமல்ல. மிட்டாய் இருக்கும் பெட்டி வண்டியின் தரையோடு திருகி, பூட்டியிருக்க வேண்டும். வண்டி எங்கே போகிறது என்று கருவி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும்படி வெளியே எழுத்தோ படமோ கூடாது. இந்தக் கடைசி விதியை மார்லிஸ் அப்படியே கடைப்பிடித்தாள். ஆனால் மாவட்டத்திலேயே கடுகு நிறத்தில் இருந்த ஒரே வேன் அவளுடையது. அது எந்த வீட்டு வாசலில் நின்றாலும் பக்கத்து வீட்டுத் திரைச்சீலை அசையும். அதனால்தான் பலபேர் அவளைப் பின்பக்கமாக வரச் சொன்னார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. வாங்குகிறவருக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். அட்டையை அவள் கையில் இருக்கும் கருவியில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். அது எரிந்தால்தான் பெட்டி திறக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் லவோன் வீட்டில் தேவாலயப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள். நால்வருக்கும் எழுபதை ஒட்டிய வயது. மார்லிஸ் போனதும் தையலை வைத்துவிட்டு, கைப்பையைத் துழாவிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

"ஏண்டி மார்லிஸ், என் கல்யாணத்துல எனக்கு முன்னால பூக்கூடை தூக்கிட்டு நடந்தவ நீ," என்பாள் லவோன். "இப்ப நான் இருபத்தொண்ணு தாண்டிட்டேனான்னு பாக்கறியா?"

"பாத்துட்டேன். தாண்டிட்டீங்க. ரொம்ப தூரம் தாண்டிட்டீங்க."

"இந்தப் போட்டோவுல நான் எப்படி இருக்கேன்?"

"அட்டை செல்லும். அது போதும்."

வரிசையில் கடைசியாக நிற்பது லவோனின் தங்கை ஆர்டிஸ் ஹௌக்டால். மிட்டாய் டப்பாவை வாங்கியதும் தையல் பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்து மூடுவார். ஒவ்வொரு வாரமும் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"எங்க வீட்டு மனுஷனுக்குத் தெரிய வேணாம், மார்லிஸ். வாரியத்துல எழுந்து நின்னு என்னென்னமோ பேசியிருக்கான். தெரிஞ்சா தலை குனிஞ்சிடுவான்."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல," என்பாள் மார்லிஸ்.

அந்த மனுஷன் வெர்லின் ஹௌக்டால், எங்கள் மாவட்ட வாரியத் தலைவர். ஊருக்குள் கஞ்சாக் கடை வைப்பது பற்றி இரண்டு வருடத்துக்கு முன் வாரியத்தில் பேச்சு வந்தபோது, "இந்த நாத்தம் நம்ம மாவட்ட எல்லைக்குள்ள வரக் கூடாது" என்று மேசையைத் தட்டியவர். கடைக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். மார்லிஸின் உரிமம் மாநிலம் கொடுத்தது என்பதால் அதில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதே வெர்லின் வியாழக்கிழமை இரண்டு மணிக்குத் தன் டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் மார்லிஸுக்காகக் காத்திருப்பார். ஆர்டிஸ் தலைமுடி சீர்செய்யப் போகிற நேரம் அது. மிட்டாயைத் தூண்டில் பெட்டிக்குள் போட்டுக்கொள்வார்.

"முழங்காலுக்காகத்தான்," என்பார் ஒவ்வொரு தடவையும்.

"நான் கேக்கலையே."

"ஆர்டிஸுக்குத் தெரியக் கூடாது. அவ நம்ம தேவாலயச் சபையில பெரிய ஆளு."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல."

இப்படியே எட்டு மாதம் ஓடியது. ஒரே வீட்டுத் தம்பதிக்கு வாரத்தில் இரண்டு தடவை, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குக் கொடுத்துவந்தாள் மார்லிஸ். அவள் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாது. எனக்கும் இதெல்லாம் அப்போது தெரியாது. பின்னால் அவர்களே தங்கள் வாயால் சொல்லிச் சிரித்தபோது கேட்டதுதான்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் மார்லிஸின் தம்பி டெல்பெர்ட் ஒரு கற்றைக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். ஏரிக்கரையில் அவனுக்குப் பதினொரு மரக்குடில்கள் உண்டு. மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவான். ஆகஸ்டு கடைசியில் கூட்டம் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில், வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்து கஞ்சா பயன்படுத்தி, பாட்டுக் கேட்டு, சாப்பிட்டு, அமைதியாகப் போகிற மாதிரி இரண்டு நாள் விழா நடத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்கு மாநிலத்து விழா உரிமம் வேண்டும். மாநிலம் அதைக் கொடுக்க, முதலில் எங்கள் மாவட்டம் சம்மதம் தர வேண்டும்.

"டோரீன், இங்க 'பாதுகாப்புத் திட்டம்'னு ஒண்ணு கேக்கறான். என்ன எழுதறது?"

"வாசல்ல யாரை நிறுத்தப் போறேன்னு எழுது."

"எங்க நாயை."

"நாயால அடையாள அட்டை பாக்க முடியுமா?"

"மோந்து பாக்கும்."

"அதை எழுதாத."

நான்கு தடவை திரும்ப வந்தான். மதுவும் புகையிலையும் உள்ளே வரக் கூடாது என்ற பக்கத்தை அவன் படித்தபோது, மீன்பிடிக்காரர்கள் அத்தனை பேரின் துக்கமும் அவன் முகத்தில் தெரிந்தது. நான்காம் தடவை எல்லாப் பெட்டிகளிலும் எழுதியிருந்தான். முத்திரை குத்தி, அடுத்து வந்த வாரியக் கூட்டத்தில் சேர்த்தேன். ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறு மணி.

அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் வில்லங்கம் வந்தது.

வழக்கம்போல இரண்டு மணிக்கு மார்லிஸ் கொட்டகைக்குப் பின்னால் போனாள். வெர்லின் அட்டையை நீட்டினார். கருவியில் காட்டினாள். சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். மறுபடி சிவப்பு.

"வெர்லின், போன திங்கக்கிழமை உங்க பிறந்த நாளா?"

"ஆமா. ஆர்டிஸ் கேக் செஞ்சா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அட்டை அன்னியோட காலாவதி ஆயிடுச்சு."

வெர்லின் அட்டையை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி, புதுப்பிச்சுக்கறேன். நீ அதைக் கொடு."

"கொடுக்க முடியாது."

"ஏம்மா, உனக்கு அஞ்சு வயசு இருக்கும்போதிலேர்ந்து என்னைத் தெரியும். எனக்கு இருபத்தொண்ணு ஆகலையா?"

"ஆயிடுச்சு. ஆனா செல்லாத அட்டைக்குக் கொடுத்தா என் லைசென்ஸ் போயிடும். பெட்டியே திறக்காது, பாருங்க."

வெர்லினின் சிரிப்பு போய்விட்டது. வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திங்கக்கிழமை உன் தம்பி விஷயம் ஓட்டுக்கு வருது. இன்னிக்கு எனக்கு இது நடக்குது."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நான் இருபத்தாறு வருஷமா வாரியத்துல இருக்கேன், மார்லிஸ். சம்பந்தம் இல்லாத விஷயத்தை நான் இன்னும் பாக்கலை."

மறுநாளே அவர் அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போய் அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்தார். கையில் கிடைத்தது ஒரு மஞ்சள் காகிதம். அட்டை தபாலில் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அங்கிருந்தே மார்லிஸுக்குப் போன் செய்தார்.

"மஞ்சக் காகிதம் செல்லுமா?"

"அதுல போட்டோ இருக்கா?"

"இல்ல."

"அப்ப செல்லாது."

"நல்லா யோசிச்சுதான் செய்யற," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மார்லிஸ் அன்று மாலை என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். கொசு விரட்டிக்கொண்டே இருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒரு நல்ல மனுஷன் என்னைத் தப்பா நினைச்சுட்டாரு. யாருன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். பிறகு என் செடியில் இருந்த தக்காளி இரண்டைப் பறித்துக்கொண்டு போனாள். துக்கத்திலும் அவள் வெறுங்கையோடு போகிறவள் அல்ல.

திங்கட்கிழமை கூட்ட அறை நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். "எனக்கொண்ணும் இல்ல, ஆனாலும்..." என்று ஆரம்பித்து, எதிராளியைத் தரையோடு தேய்த்துவிட்டு, "அவ்வளவுதான், வேறொண்ணும் இல்ல" என்று உட்காருவார்கள். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஓரத்தில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வாரியத்தில் ஐந்து பேர். இருவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது வெர்லின்.

வெர்லின் நாற்காலியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். நான்கு நாளாக முழங்கால் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. கோபமாக இருக்கிறார் என்றே நினைத்தேன்.

"விதி என்ன சொல்லுது?" என்று டெல்பெர்ட்டைக் கேட்டார். "பயன்படுத்தற இடம் பொது இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியக் கூடாது. உன் குடிலுக்கு முன்னால இருக்கிற ஏரி யாரோடது?"

"எல்லாரோடதும்."

"அப்ப படகுல போறவன் பாப்பானே?"

"தார்ப்பாய் கட்டி மறைச்சிடறேன்."

"ஏரிக்கரையில விழா. ஏரி தெரியாம நீலத் தார்ப்பாய். ஆளுங்க தார்ப்பாயைப் பாக்கவா வர்றாங்க?"

கூட்டம் சிரித்தது. டெல்பெர்ட்டின் காது சிவந்துவிட்டது. அப்போது லவோன் எழுந்து, "எங்ககிட்ட இருபத்தெட்டுப் போர்வை இருக்கு. கொடியில தொங்கவிட்டா மறைக்கவும் மறைக்கும், பாக்கவும் லட்சணமா இருக்கும்," என்றாள். தேவாலயப் பெண்கள் கஞ்சா விழாவுக்குப் போர்வை கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டு முன்வரிசை திரும்பிப் பார்த்தது. லவோன் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்ததாகப் பேச மார்லிஸ் எழுந்தாள்.

"மூணு நிமிஷம்," என்றார் வெர்லின், அவளைப் பார்க்காமல்.

"நான் வீடு வீடா போறவ," என்று ஆரம்பித்தாள் மார்லிஸ். "யார் வீட்டு வாசல்ல என்ன, பின்பக்கம் என்னன்னு எனக்குத் தெரியும். இங்க இவ்வளவு பேர் பேசினீங்க, ஆனா ஒரு விஷயத்தை மட்டும் யாருமே சொல்லலை. அதை நான் சொல்லித்தான் ஆகணும்—"

வெர்லின் தலைவருக்குரிய மரச் சுத்தியலால் மேசையில் ஓங்கி அடித்தார். என் பேனா கீழே விழுந்தது.

"போதும்! நீ சொல்ல வேணாம். நானே சொல்லிடறேன்." எழுந்து நின்றார். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார். "நான் அந்த மிட்டாய் சாப்பிடறேன். எட்டு மாசமா. முழங்காலுக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை இவகிட்டதான் வாங்கறேன். இதை வெச்சு என் ஓட்டை வாங்கிடலாம்னு யாராவது நினைச்சா, இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி யாரும் என்னை மிரட்ட முடியாது."

பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார், "நாத்தம் வரக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"மிட்டாய்க்கு நாத்தம் கிடையாது," என்றார் வெர்லின். "நான் நாத்தத்தைத்தான் எதிர்த்தேன்."

அப்போது மூன்றாவது வரிசையில் ஆர்டிஸ் எழுந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அந்த அம்மாள் சபையில் பொய் சொன்ன பாதிரியாரையே ஒருமுறை திருத்தியவர்.

"எட்டு மாசமாவா?"

"ஆமா."

"எங்க வெச்சிருந்த?"

"தூண்டில் பெட்டியில."

ஆர்டிஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் தையல் பெட்டியில," என்றார்.

வெர்லினுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "நீயா? நீ எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

"நீதான் படுத்தவுடனே தூங்கிடறியே! ஜெபம் பண்ணிட்டுப் படுக்கறதாலன்னு நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேனே!"

"ஜெபம் பண்றேன். அதுக்கப்புறம் அரை மிட்டாய். உன் குறட்டைக்கு ஜெபம் மட்டும் போதாது, வெர்லின்."

எங்கள் ஊர்க்காரர்கள் பொது இடத்தில் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். அன்று சிரித்தார்கள். லவோன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதை நடவடிக்கைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று நான் திண்டாடினேன். கடைசியில், "தலைவரின் துணைவியார் கருத்துத் தெரிவித்தார்" என்று எழுதினேன். அது இன்றும் அப்படியே பதிவில் இருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் கணவன் மனைவி இருவரும் ஒன்றாக மார்லிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப உனக்கு ரெண்டும் தெரியும்," என்றார் வெர்லின்.

"வாங்கறவங்க விவரத்தை நான் வெளியில சொல்லக் கூடாது."

"அதான் நாங்களே சொல்லிட்டோமே!"

"நீங்க சொல்லலாம். நான் சொல்லக் கூடாது."

"சரி, இவ்வளவு நேரம் என்ன சொல்ல வந்த, அதைச் சொல்லு."

மார்லிஸ் கையில் இருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்தாள். "டெல்பெர்ட் குடிலுக்குப் போற மண் ரோட்டுல, மூணாவது வளைவுக்கு அடியில மழைத்தண்ணி போற பெரிய குழாய் உடைஞ்சு கிடக்கு. கார் வரிசையா வந்தா ஒண்ணாவது உள்ள இறங்கிடும். விழாவுக்கு முன்னால மாவட்டம் அதைச் சரி பண்ணணும். அதைத்தான் சொல்ல வந்தேன்."

வெர்லின் மெதுவாக உட்கார்ந்தார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். பத்து நிமிடம் இடைவேளை என்று அறிவித்தார்.

நான் காற்றுக்காக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். கடுகு நிற வேனின் மேல் மார்லிஸ் சாய்ந்து நின்றிருந்தாள். வெர்லின் நொண்டிக்கொண்டு அவளிடம் வந்தார். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"சொல்லிடுவேன்னு நினைச்சுட்டேன்," என்றார்.

"தெரியும்."

"தப்புதான்."

மார்லிஸ் வேனிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "உங்க பையன் ரேமண்ட் ராணுவத்துல இருந்தப்ப, மூணு மாசம் அவன்கிட்டேர்ந்து கடுதாசி வரலை," என்றாள். "நீங்க கடைத்தெருவுல யாரு கேட்டாலும் 'வாரம் ஒண்ணு எழுதறான்'னு சொல்லிட்டிருந்தீங்க. தினம் உங்க பெட்டியைத் திறந்து மூடறவ நான். எழுதலைன்னு எனக்குத் தெரியும். அதை என் புருஷன்கிட்டகூடச் சொல்லலை, வெர்லின். மிட்டாய் விஷயத்தையா போய்ச் சொல்லப் போறேன்?"

"கடைசியில அந்தக் கடுதாசி ஒரு ஞாயித்துக்கிழமை வந்துது," என்றார் வெர்லின், தரையைப் பார்த்தபடி. "தபால் இல்லாத நாள். நீ பனியில நடந்து வந்து கொடுத்த."

"திங்கக்கிழமை வரைக்கும் என்னால வெச்சிருக்க முடியலை. அதுவும் விதிக்குப் புறம்பானதுதான். அந்த ஒரு தடவைதான் மீறினேன்."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக் குலுக்கினாள். எங்கள் பக்கத்தில் அது கட்டிப்பிடித்து அழுவதற்குச் சமம். நான் ஓசைப்படாமல் உள்ளே போய்விட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு, தான் ஓட்டுப் போடலாமா என்று வெர்லின் மாவட்ட வழக்கறிஞரைக் கேட்டார். அந்த இளைஞர் புத்தகத்தைப் புரட்டி, "வாடிக்கையாளரா இருக்கிறது தடையில்ல. ரொட்டி வாங்கறவர் பேக்கரி பத்தி ஓட்டுப் போடலாம்," என்றார். வெர்லின் ஆதரவாக ஓட்டுப் போட்டார். கூடவே பதினான்கு நிபந்தனைகள் போட்டார், ஏனென்றால் அவர் வெர்லின். குழாயைச் சரிசெய்வது முதல் நிபந்தனை. ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது ஒன்பதாவது. பதினான்காவதில் போர்வைகளின் நீள அகலம் இருந்தது. மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. பிறகு மாநிலமும் உரிமம் கொடுத்தது.

ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமை விழா ஆரம்பித்தது. மாநிலத்திலிருந்து ஆய்வாளர் ஒருத்தி வந்தாள். பா ஹூவா ஷியோங் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. வேலியை அளந்தாள், வாசலில் நின்ற காவலாளியின் அட்டையைப் பார்த்தாள், குப்பைத் தொட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு டெல்பெர்ட்டின் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய், உள்ளே தெரிகிறதா என்று பார்த்தாள்.

"நீலப் போர்வைக்கும் கோழி போட்ட போர்வைக்கும் நடுவுல இடைவெளி இருக்கு!" என்று தண்ணீரிலிருந்து கத்தினாள்.

"எவ்வளவு?" என்று கரையிலிருந்து லவோன் கத்தினாள்.

"ஒரு ஆள் முகம் தெரியற அளவுக்கு!"

"யாரு முகம்?"

"தெரியாது! அம்மா, அதை மட்டும் இழுத்து மூடுங்க!"

மூடினார்கள். ஆனால் இருபத்தெட்டுப் போர்வைகள் வெயிலில் வரிசையாக ஆடுவதைப் பார்க்க மீன்பிடிப் படகுகள் கூடிவிட்டன. மறைப்பதற்காகக் கட்டியதைப் பார்க்கவே ஊர் திரண்டது. கோழிப் போர்வை விற்பனைக்கா என்று ஒருவர் படகில் எழுந்து நின்று கேட்டார். தூண்டிலை மறந்து நின்றதால் மீன் ஒன்று அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

உள்ளே ஒரு வம்பும் இல்லை. பயந்தவர்கள் எதிர்பார்த்த கூச்சலும் இல்லை. வந்தவர்களில் பாதிப்பேர் மூட்டுவலிக்காரர்கள். புல்லில் கிடந்து மேகத்தைப் பார்த்தார்கள். திடீரென்று எல்லோருக்கும் பசித்தது. தேவாலயப் பெண்கள் இரண்டு நாளைக்கென்று செய்து கொண்டுவந்த ஹாட்டிஷ் என்கிற இறைச்சி-உருளைக்கிழங்குத் தட்டுகளும், ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் முதல் நாள் இரண்டு மணிக்கே தீர்ந்தன. டெல்பெர்ட் உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தை இன்னும் ஊரில் சொல்லிக் காட்டுகிறார்கள். ஹாட்டிஷ் செய்த இனெஸ் அம்மாள், "என் சமையலை இப்படி யாரும் சாப்பிட்டதில்ல. ஒரு பையன் அழுதுட்டான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மார்லிஸ் அங்கே விற்கவில்லை. அவள் உரிமம் வீடுகளுக்கு மட்டும்தான். மடக்கு நாற்காலியில் எலுமிச்சை பானத்தோடு உட்கார்ந்து, வேலை செய்யாத ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை வெர்லினும் ஆர்டிஸும் சேர்ந்து வந்தார்கள். முதலில் வெர்லின் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்தார். பிறகு ஒரு மிட்டாயைப் பாதியாகக் கடித்து மனைவிக்குக் கொடுத்தார். ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். அவர்களுக்கே தெரியவில்லை.

வந்தவர்கள் யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது என்பதால் டெல்பெர்ட் பள்ளிப் பேருந்து ஒன்றை அமர்த்தியிருந்தான். ஏழு மணிக்கு எல்லோரும் ஏறினார்கள். ஓட்டுநர் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். மாவட்டத்தின் சார்பில் நான் முன்னிருக்கையில். ஆர்டிஸ் நேரே போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"பள்ளிக்கூடம் போறப்ப பெரிய பசங்க இங்க உட்காரவே விட மாட்டாங்க," என்றார். "எழுபது வயசுல இடம் கிடைச்சிருக்கு."

ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். வீட்டு வாசலில் பேருந்து நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஹௌக்டால் வீடு வந்தாச்சு," என்றார் ஓட்டுநர்.

பின்னாலிருந்து வெர்லினின் குரல் வந்தது. "டோரீன், ஏரியை இன்னொரு சுத்துச் சுத்திட்டு வரக் கூடாதுன்னு நிபந்தனை ஏதாவது போட்டேனா?"

பதினான்கையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "இல்ல, வெர்லின். அதை மட்டும் விட்டுட்டீங்க."

"அப்ப சுத்தச் சொல்லு."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கதவை மூடி, வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினார்.